புது லாரியும் விடிகாலை டகடகவும்

ரொம்ப நாளாச்சு எழுதி. பாப்பாவுக்குப் பரீட்சை, ஆபீஸில் ஆடிட், நடுவில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் வந்தது என்று சாக்கு நிறைய இருக்கிறது. உண்மையான காரணம் சோம்பல், அதை விடுங்கள். இன்றைக்கு ஒரு லாரிக் கதை. லாரி என்றதும் பக்கத்தை மூடப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், பாதிக்கு மேல் இதில் லாரி இல்லை.

புதிதாக வருபவர்களுக்காக: நான் ராசிபுரம் பக்கத்து ஆள். 14 வருஷமாக நாக்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் வண்டிப் பராமரிப்பு பார்க்கிறேன். "பையன் என்ன பண்றான்?" என்று ஊரில் யாராவது கேட்டால் அம்மா "இஞ்சினீயர்" என்பார். அப்பா "லாரி ரிப்பேர் பண்றான்" என்பார். இரண்டும் சரிதான்.

நாக்பூரில் இருப்பதில் எனக்கு ஒரு ரகசிய சந்தோஷம் உண்டு. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பழைய டிரைவர்களுக்கு அது இன்னும் ஏழாம் நம்பர் ரோடுதான்; 2010-ல் நம்பரை மாற்றினார்கள். பூட்டிபோரி தாண்டித் தெற்கே பிடித்தால் ஹைதராபாத், பெங்களூர், கிருஷ்ணகிரி, சேலம், அப்புறம் எங்கள் ஆண்டகலூர் கேட். ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். எங்கேயும் ரோடு மாற வேண்டாம். வேலை வெறுத்துப் போகிற நாட்களில் அந்த ரோட்டோரம் நின்று டீ குடித்தால் போதும், ஊர் ஒரு நீளமான தெருவின் அந்தக் கோடியில் இருக்கிற மாதிரி தோன்றும்.

அதனால் எங்கள் வீட்டுப் பார்சலெல்லாம் லாரியில்தான் வரும். எனக்குச் சித்தப்பா முறை ஒருவர் மூன்று வண்டி வைத்திருக்கிறார். சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர் வரும், இங்கிருந்து துவரம்பருப்பு ஏற்றித் திரும்பும். மகாராஷ்டிராக்காரர்கள் விரதமென்றால் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார்கள் (விரதத்தில் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிடுவது எப்படி விரதமாகும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்). அந்த விரதப் புண்ணியத்தில் எனக்கு மாதம் ஒரு முறை அம்மாவின் பருப்புப் பொடி, செக்கு நல்லெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, சீசனில் முருங்கைக்காய் எல்லாம் வந்துவிடும். அம்மா கேட்டில் போய் நின்று கொடுப்பார். கொண்டு வந்து சேர்ப்பவர் ஒரு டிரைவர் அண்ணன். வயது ஐம்பதைத் தாண்டியவர். என்னைத் "தம்பி" என்பார், பாப்பாவை "அம்மணி" என்பார். பாப்பா பதில் இந்தியில் சொல்லும். அவரும் இந்தியிலேயே திருப்பிப் பேசுவார், என் இந்தியைவிட நன்றாக.

2023 ஆகஸ்டில் சித்தப்பா ஒரு புது வண்டி எடுத்தார். பன்னிரண்டு சக்கர வண்டி. அதுவரை வாங்கியதெல்லாம் செகண்ட் ஹேண்ட். முதல் முதலாகப் புதுசு. கடன் தவணை பெரிசு. நாமக்கல்லில் பாடி கட்டி, பூஜை போட்டு, அண்ணன் கையில் சாவி கொடுத்தார். கம்பெனி பெயர் வேண்டாம், வண்டி மேல் தப்பில்லை என்று பின்னால் தெரியும்.

இரண்டு மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. காலையில் முதல் தடவை செல்ஃப் அடித்தால் இஞ்சின் சுற்றாமல் 'டக டக டக டக' என்று ஒரு சத்தம். நான்கைந்து தடவை அடித்த பிறகு எப்படியோ பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் அன்று முழுக்கப் பிரச்சினை இல்லை. நவம்பரில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டார்கள். செல்ஃப் மோட்டாரையே வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் சத்தமில்லை. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி கொண்டு போனபோது, "மோட்டார் புதுசு, பேட்டரி 24 வோல்ட்டுக்கு மேல காட்டுது, வண்டியில குறையில்லை, டிரைவர் செல்ஃப் அடிக்கிற விதம் சரியில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சித்தப்பா எனக்குப் போன் பண்ணினார். "கண்ணு, முப்பது வருஷமா வண்டி ஓட்டறவனுக்குச் செல்ஃப் அடிக்கத் தெரியாதா? எனக்கென்னமோ ஆள் வேணும்னே பண்றானாட்ட இருக்குது. புது வண்டி புடிக்கல அவனுக்கு. இன்னொருக்கா வழியில நின்னா ஆளை மாத்தீருவேன். நீ ஒருக்காப் பாரு" என்றார்.

2024 ஜனவரியில் வண்டி இங்கே வந்தது. வாடிப் பக்கம், லாரிகள் வரிசையாக நிற்குமே, அங்கே நிறுத்தியிருந்தார். காலை ஆறரைக்குப் போனேன். நாக்பூர் என்றால் வெயில் மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். ஜனவரி விடிகாலையில் ஒன்பது பத்து டிகிரிக்கு இறங்கும். அண்ணன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போடட்டுங்களா தம்பி?"

"போடுங்கண்ணா."

டக டக டக டக டக.

இங்கே ஒரு சின்னக் கிளாஸ். வண்டியில் சத்தம் என்று யார் வந்தாலும் நான் "எங்கே வருது" என்று முதலில் கேட்பதில்லை, "எப்போ வருது" என்றுதான் கேட்பேன். சேசிஸ் முழுக்க இரும்பு, சத்தம் ஒரு இடத்தில் பிறந்து இன்னொரு இடத்தில் கேட்கும். ஆனால் நேரம் பொய் சொல்லாது. சாவியைப் போட்டதும், செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் 'உய்ங்' என்று வந்தால் அது பம்பு ஏதாவது. செல்ஃப் அடிக்கும்போது மோட்டார் மட்டும் சும்மா சுற்றினால் பினியன் போய்க் கோர்க்கவில்லை. 'கரகர' என்றால் பினியனும் ஃப்ளைவீல் பல்லும் சண்டை போடுகின்றன. இஞ்சின் பிடித்தபின் ஒரு நிமிஷம் முன்பக்கம் ஃபேன் காற்றாய் இரைந்து அடங்கினால் அது பெரும்பாலும் குறையே இல்லை. ஃபேன் கிளட்ச்சுக்குள் இருக்கும் சிலிக்கான் எண்ணெய் ராத்திரி முழுக்க ஒரு பக்கமாக இறங்கி நிற்பதால் வருவது. பி.எஸ். 6 வண்டிகளில் இன்னொன்று உண்டு: இஞ்சினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒரு மோட்டார் ஓடும். குழாயில் மிச்சமிருக்கும் யூரியாக் கரைசலைத் தொட்டிக்குத் திருப்புகிற சத்தம் அது. பழைய பழக்கத்தில் சாவியை எடுத்ததும் பேட்டரி கட்ஆஃப் சுவிட்சைத் தட்டுகிற டிரைவர்கள் அந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். யூரியா உப்பாக உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். எங்கள் டிப்போவில் இதற்குத் தனியாக போர்டே எழுதி வைத்திருக்கிறோம். யாரும் படிப்பதில்லை.

'டகடக' இதிலெல்லாம் சேராது, அதற்குத் தனி ஜாதகம். செல்ஃப் மோட்டார் மேல் சாலிநாய்டு என்று ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பினால் அதில் காந்தம் உண்டாகி ஒரு தண்டை இழுக்கும். அந்த இழுப்பில் பினியன் போய் ஃப்ளைவீல் பல்லில் கோர்க்கும், கூடவே மோட்டாருக்குப் பெரிய கரண்ட் பாயும். பேட்டரியோ ஒயரோ பலவீனமாக இருந்தால் அந்தப் பெரிய கரண்ட் பாய்ந்த கணமே வோல்டேஜ் பொத்தென்று விழும். காந்தம் பிடியை விடும், கரண்ட் அறும். அறுந்ததும் வோல்டேஜ் திரும்ப ஏறும், காந்தம் மறுபடி இழுக்கும், மறுபடி விழும். நொடிக்குப் பல தடவை. பசியில் இருப்பவனை மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவான், கால் மடங்கும், கீழே போடுவான், மறுபடி தூக்குவான் இல்லையா, அதுதான்.

ஆக மோட்டார் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சந்தேகம் எர்த் ஒயர் மேல். பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வைக்க ஒயரைக் கழற்றுவார்கள், அப்புறம் சேசிஸுக்கு அழகாகப் பெயின்ட் அடித்து அந்தப் பெயின்ட் மேலேயே ஒயரை முடுக்குவார்கள். பெயின்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? இந்தக் கேஸை நான் பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறேன். அதனால் மீட்டரைக்கூட எடுக்கவில்லை. ஸ்பானரோடு அடியில் படுத்து, எர்த் முனைகளைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, முடுக்கி வெளியே வர இரண்டு மணி நேரம். சாவியைப் போடச் சொன்னேன். ஒரே அடியில் பிடித்தது.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. சித்தப்பாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு, "பட்டறைக்காரன் தப்பு, சரி பண்ணியாச்சு" என்று அறிவித்தேன். வீட்டுக்குக் கூட்டி வந்து இட்லி சாப்பிட வைத்தோம். இரண்டோடு நிறுத்திக்கொண்டார். "வயிறு சரியில்லீங் தம்பி" என்றார். பாப்பா நீட்டிய ஆரஞ்சு பர்பியையும் வேண்டாமென்றார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன். "தம்பி... சத்தம் வருதுங்."

தேய்த்ததால் சரியானது என்று நான் நினைத்தேனே, அந்த இரண்டு மணி நேரத்தில் வெயில் ஏறியிருந்தது, அவ்வளவுதான். இஞ்சின் ஆயில் இளகியிருக்கும், பேட்டரிக்கும் குளிர் விட்டிருக்கும். 14 வருஷ அனுபவம் என்று பேர், அளந்து பார்க்காமல் முடிவு கட்டியிருக்கிறேன். எங்கள் டிப்போவுக்குப் புதிதாக வரும் பையன்கள் இதைச் செய்தால் நான் என்ன திட்டு திட்டுவேன் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை மீட்டரோடு போனேன். வண்டியைத் தொடுவதற்கு முன் பேட்டரியை அளந்தேன். 24.6. மோசமில்லை. சர்வீஸ் சென்டர்காரர்களும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லி எர்த் பக்கம் எவ்வளவு வோல்ட் இழக்கிறது என்று பார்த்தேன். கால் வோல்ட்டுக்கும் கீழே. நேற்று நான் தேய்த்துத் தள்ளியது தண்டம்.

அப்புறம்தான் உறைத்தது. லாரியில் 24 வோல்ட் பேட்டரி என்று ஒன்று கிடையாது. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோர்த்திருப்பார்கள். எல்லோரும் இரண்டையும் சேர்த்து அளந்திருக்கிறோம், தனித்தனியாக ஒருவரும் அளக்கவில்லை. முனையை மாற்றி வைத்தேன். ஒன்று 12.9. இன்னொன்று 11.7.

நன்றாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6, 12.7 காட்ட வேண்டும். 12-க்குக் கீழே போனால் அது கிட்டத்தட்டக் காலி. ஆக ஒன்று பட்டினி, இன்னொன்றுக்கு அஜீரணம். மூடியைத் திறந்தேன். அஜீரணக்காரனுக்குள் தண்ணீர் வற்றிப் பிளேட் வெளியே தெரிந்தது. ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் தருகிறது. பட்டினிக்காரன் தன் பங்கு வோல்டேஜுக்கு ஏறாமல் கீழேயே நிற்பதால் மிச்சமெல்லாம் மற்றவன் தலையில் விழுகிறது, அவன் கொதித்துத் தண்ணீரை இழக்கிறான். நவம்பரில் மோட்டார் மாற்றியபோது பேட்டரியைக் கழற்றித் தனித்தனியாகச் சார்ஜ் போட்டிருப்பார்கள். அதனால்தான் இரண்டு வாரம் சத்தமில்லை. மோட்டார் பாவம், அதன் பாட்டுக்குக் கழற்றி எறியப்பட்டிருக்கிறது.

இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் வந்தவை, ஒரே கம்பெனி. ஒன்று மட்டும் இறங்க வேண்டுமென்றால் அதிலிருந்து மட்டும் யாரோ குடிக்க வேண்டும். அண்ணன் ராத்திரி கட்ஆஃப் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் படுப்பார், எனவே வண்டி குடிக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த ஒரு பேட்டரியின் இரண்டு முனையிலிருந்தும் மெல்லிசாக ஒரு ஜோடி ஒயர், நட்டுக்கு அடியில் நேராகச் சொருகி, கட்ஆஃப் சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிந்து, கேபினுக்குள் ஏறிப் போயிருந்தது. டேப்பு செட்டாக இருக்கும் என்று நினைத்தேன். 12 வோல்ட் பாட்டுப் பெட்டியை லாரியில் இப்படித்தான் திருட்டுத்தனமாக மாட்டுவார்கள். ஆனால் பாட்டு ராத்திரி தூங்கும்போது ஓடாதே.

ஒயரைப் பிடித்துக்கொண்டே கேபினுக்குள் ஏறினேன். சீட்டுக்குப் பின்னால், படுக்கைப் பலகைக்கு அடியில் போர்வை சுற்றிய ஒரு பெட்டி.

"தம்பி, அதை மட்டும் விட்டுருங்" என்றார் கீழேயிருந்து.

கார்களில் வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் பெட்டி. திறந்தால் இன்சுலின் பாட்டில் இரண்டு, ஊசிகள்.

இரண்டரை வருஷமாகச் சர்க்கரை. மாத்திரைக்குக் கேட்காமல் ஒரு வருஷமாக ஊசி. ஓனருக்குத் தெரியாது. சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். பழைய வண்டியில் தெர்மாஸில் ஐஸ் போட்டுச் சமாளித்திருக்கிறார். புது வண்டி வந்ததும், 'வண்டியிலேயே கரண்ட் இருக்குதே' என்று பெங்களூரில் இந்தப் பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டார். ஏ.சி. கேபினாக இருந்தால் பகலுக்காவது தேவைப்பட்டிருக்காது; ஆனால் 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் பெரிய லாரிகளுக்குத்தான் அது கட்டாயம், இந்த வண்டி அதற்கு முந்தியது. பெட்டி நான்கு ஆம்பியர் இழுக்கும். ராத்திரி ஒன்பது மணி நேரம் என்றால் 36 ஆம்பியர்-மணி. தினமும், ஒரே பேட்டரியிலிருந்து.

"செல்ஃப் மோட்டாரை மாத்தறப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா?"

"என்னனு சொல்றதுங். நாந்தான் அதுன்னு எனக்கே தெரியாதுங் தம்பி. ஒரு சோப்பு டப்பா அளவு பெட்டி, இத்தா பெரிய வண்டியை நிறுத்திப்போடும்னு யார் கண்டா?"

அது உண்மைதான் என்று நம்புகிறேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் மனைவி இங்கே ஒரு மருத்துவமனையில் ஃபார்மசிஸ்ட். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி எனக்குத் தோன்றவே தோன்றாதது. "அண்ணா, இந்தப் பெட்டியில எவ்வளவு குளிர்னு செட் பண்ண முடியுமா?" முடியாது. ஆன், ஆஃப் மட்டும். அந்த மாதிரிப் பெட்டி வெளியில் இருப்பதைவிட பதினைந்து, இருபது டிகிரி குறைக்கும். மே மாதம் அது வரம். வெளியே ஒன்பது டிகிரி இருக்கும் ராத்திரியில்? மருந்து உறைந்திருக்கலாம். ஒரு தடவை உறைந்த இன்சுலின் இளகினாலும் நம்ப முடியாது, கொட்டிவிட வேண்டியதுதான் என்றாள். கொஞ்ச நாளாக ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று அவர் அளவைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார், டாக்டரைக் கேட்காமல். இதைக் கேட்டதும் அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அவள் பயந்தது இதற்கு: நாளைக்கு வேறு ஊரில் உறையாத நல்ல மருந்து வாங்கி, அதே கூட்டிய அளவைப் போட்டுக்கொண்டு, லோடு இறங்க லேட்டாகிறது என்று சாப்பாட்டையும் தள்ளிப்போட்டால்? கை நடுங்கும், வேர்க்கும், புத்தி தடுமாறும். முப்பது டன்னுக்கு மேல் எடையோடு, இருட்டில், அதே 44-ஆம் நம்பர் ரோட்டில்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எல்லா வீட்டுக்கும் ஆகும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்து பயன்படுத்துகிற பாட்டில் வெயில் படாமல், 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலானவை நான்கு வாரம் தாங்கும் (உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்று கூட வரும் தாளில் போட்டிருக்கும், பாருங்கள்). ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். விமானத்தில் வந்தால் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியோடு அடியில் அனுப்பாதீர்கள், அங்கேயும் உறையலாம். நாக்பூர் மாதிரி வறண்ட ஊரில் கோடைக்கு மண்பானையே போதும் என்றாள் அவள்: ஒரு பானைக்குள் சின்னக் கலயம், நடுவில் ஈர மணல். இங்கே வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கூலர் ஓடுவதும் அந்தத் தத்துவத்தில்தான். சென்னைப் புழுக்கத்தில் இது பலிக்காது.

அன்று மதியமே டாக்டரிடம் கூட்டிப் போனோம். புது மருந்து, சரியான அளவு. சாயந்திரம் சித்தப்பா போன்.

"என்ன கண்ணு, சத்தம் மறுக்கா வருதாமா?"

"எர்த் இல்ல சித்தப்பா, நான் நேத்துச் சொன்னது தப்பு. ஒரு பேட்டரியில மட்டும் 12 வோல்ட் இழுத்திருக்குது. அதான்."

"யாரு இழுத்தது?"

அண்ணன் எதிரில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா அவருக்குத் தன் தமிழ் நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. "விவரம் காலையில பேசறேன் சித்தப்பா" என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி நானும் மனைவியும் சமையலறையில் நின்று மெதுவான குரலில் சண்டை போட்டோம். ஒயரைப் பிடுங்கியாச்சு, சத்தம் நின்றது, பெட்டி விஷயத்தை நாம் ஏன் சொல்ல வேண்டும், அந்த மனுஷன் பிழைப்பு என்றேன் நான். "ரோட்ல எதிர்ல வர்றவனுக்கும் பிழைப்பு இருக்கு" என்றாள். அப்படியானால் நீயே சொல் என்றேன். "நம்ம ரெண்டு பேரும் சொல்லக் கூடாது. அவர் உடம்பு, அவர்தான் சொல்லணும். ஆனா சொல்லாம இங்கிருந்து வண்டி எடுக்கக் கூடாது." பக்கத்து அறையில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தோம்.

காலையில் நான் எழுவதற்கு முன்பே பால்கனியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங் முதலாளி... ஒரு வருசமாச்சுங்... இல்லீங், பயந்துட்டுச் சொல்லலைங்..." அப்புறம் நீண்ட நேரம் இவர் பக்கம் சத்தமே இல்லை. போனை என்னிடம் நீட்டினார்.

சித்தப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரல் இறங்கியிருந்தது. "ஏங்கண்ணு, இவன் ராத்திரி ஓட்டலாமா?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்: வேளைக்குச் சாப்பாடு, வண்டி எடுக்கும் முன்னால் சர்க்கரை பார்ப்பது, கையில் குளுக்கோஸ், இப்போதைக்கு ராத்திரித் தனி ஓட்டம் வேண்டாம். "சரி, அங்கியே நிறுத்து. சின்னவனை பஸ் ஏத்தி அனுப்பறேன்" என்றார். சின்னவன் என்றால் இரண்டாவது டிரைவர்.

மூன்று நாள் வண்டி நின்றது. அதற்குள் பேட்டரி இரண்டையும் கழற்றித் தனித்தனியாகச் சார்ஜ் போட்டேன். பட்டினிக்காரன் தேறவில்லை, தினமும் அடிவரை காலியாகிற பேட்டரி ஐந்து மாதத்தில் தன் பலத்தை இழந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் புதுசும் பழசும் ஒத்துப்போகாது என்பதால் சித்தப்பா ஜோடியாகவே மாற்றச் சொன்னார். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன், இரண்டு பேட்டரியிலும் சமமாக எடுக்கும், வோல்டேஜ் இறங்கினால் தானே அணைந்துவிடும். பெட்டியைக் கோடைக்கு, அதுவும் பகலில் இஞ்சின் ஓடும்போது மட்டும் போடச் சொன்னேன். கிளம்புகிற அன்று காலை சின்னவன் சாவியைப் போட்டான். 'டர்ர்' என்று ஒரே அடி. இந்தத் தடவை நான் யாருக்கும் போன் பண்ணவில்லை, அடுத்த மூன்று நாள் காலையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நம்பினேன்.

அண்ணன் இன்னும் அதே வண்டியில்தான் இருக்கிறார். பகலில் அவர், ராத்திரியில் சின்னவன். மகள் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள். போன மாசம் பார்சல் கொண்டு வந்தபோது டீக்குச் சர்க்கரை வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார், சாக்குச் சொல்லாமல்.

"வண்டி எப்படிண்ணா இருக்கு?" என்றேன்.

"சத்தம் நின்னு போச்சுங் தம்பி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "படியும் பாதியாப் போச்சுங்."

அதில் கோபம் இருந்ததா, சும்மா சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான்கு இட்லி வைத்தாள். நான்கையும் சாப்பிட்டார்.